பச்சை மூடி பாட்டில்

பொரியக்காவுக்குக் கோபம் வந்தால் ஆசிட் தொட்டியே தேவலை என்பார்கள் பட்டறையில். தொட்டியாவது இரும்பைப் போட்டால்தான் பொரியும். இவள் யாரும் எதுவும் போடாமலே பொரிந்து தள்ளுவாள். அதனால் வந்த பேர் அது. சொந்தப் பேர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும், அவரும் பாதி நாள் மறந்துவிடுவார்.

இந்தப் பொம்பளைக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் அவளுக்கு வலது பக்கம் நின்று கேட்கிறவர்கள். ஒரு தடவை இடது பக்கம் வந்து நின்று பார்த்தால் கேட்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துக் கண் வெந்த முட்டையின் வெள்ளையாக இருக்கிறது. ஆசிட் தெறித்துப் போன கண் என்று தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு பொய். அது பொய் என்று பட்டறையில் வெகு நாள் வரை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று அவள் கையால் சோறு போட்டு வளர்த்த தம்பி.

பட்டறையை முதலில் சொல்லிவிட வேண்டும். இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாகப் பூச்சுப் போடுகிற இடம். கீல், தாழ்ப்பாள், போல்ட், கதவுக் கொக்கி என்று மூட்டை மூட்டையாக வரும். முதலில் கொதிக்கிற சோடா தொட்டி. காஸ்டிக் சோடாவைக் கரைத்த தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். அடுத்தது ஆசிட் தொட்டி, துருவைத் தின்னும். கடைசியில் பூச்சுத் தொட்டி. நடுநடுவே அலசுவதற்கு ஒரு தொட்டி. அது பேருக்குத்தான் தண்ணீர், வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அதுவும் புளித்துப் போய்விடும். ஆசிட் ஆவியில் ஜன்னல் கம்பி உதிரும், சட்டையின் ஊக்கு உதிரும், வாசலில் நிறுத்திய சைக்கிள் செம்பழுப்பாகிவிடும். ஊருக்கெல்லாம் துரு எடுத்துக் கொடுக்கிற இடத்தில்தான் ஊரிலேயே அதிகத் துரு.

ஆசிட் தொட்டியின் முன்னால் நின்று நின்று பொரியக்காவுக்கு உலோகங்களின் குணம் அத்துப்படி. துத்தநாகம் விழுந்த நொடியில் சீறும், அவளுக்குச் சொந்தக்காரி. இரும்பு முணுமுணுத்துக்கொண்டே கரையும். செம்பு இருக்கிறதே, அது மாமியார் பேச்சைக் காதில் வாங்காத மருமகள். ஆசிட்டுக்குள் நாள் முழுக்கக் கிடந்தாலும் ஒரு குமிழி விடாது. அதனால்தான் சாமான்களைச் செம்புக் கம்பியில் கோத்துத் தொட்டியில் இறக்குவார்கள். கோக்கிறவர் ஒரு நெட்டையான ஆள், கொக்கி என்று பேர். முதுகு வளைந்திருந்ததால் வந்த பேரா, தொழிலால் வந்த பேரா என்று அவருக்கே தெரியாது.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பள்ளிக்கூடம் போகிற வயதில். அப்பா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவும் போனபோது தம்பிக்குச் செருப்பின் வாரை மாட்டத் தெரியாது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், "ஐயோ பாவம்" என்றார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் அவள் தொட்டி முன்னால் நின்றாள். படிப்பைப் பாதியில் விட்டதற்கு அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பல்கடிதான் பிற்பாடு கோபமாக முற்றியது என்று கொக்கி சொல்வார்.

சேர்ந்த புதிதில் ஒரு பெரிய தப்புச் செய்தாள். யாரோ கொண்டுவந்த அலுமினியக் கைப்பிடிகளை இரும்போடு இரும்பாகச் சோடா தொட்டியில் இறக்கிவிட்டாள். சோடாதானே, துணிக்குப் போடுகிற சோடாவுக்கு அண்ணன் முறைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பு. தொட்டி நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. "அடுப்பை அணை, எல்லாரும் வெளிய ஓடு" என்று அப்போதிருந்த மேஸ்திரி கத்தினார். அந்த நுரையிலிருந்து கிளம்புகிற வாயுவுக்கு ஒரு பொறி பட்டால் போதும், கூரை மேலே போய்விடும். எல்லாம் அடங்கியபின் கம்பியைத் தூக்கிப் பார்த்தால் கைப்பிடிகள் மழையில் ஊறிய அட்டை போல இளைத்துப்போயிருந்தன. மேஸ்திரி வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆசிட் இரும்பைத் தின்னும், சோடா அலுமினியத்தைத் தின்னும், எதையும் தின்னாத தொட்டி இந்தப் பட்டறையில் கிடையாது என்று அன்றைக்கு அவள் மனதில் பதிந்தது.

தம்பி படித்தான். நன்றாகவே படித்தான், அதில் குறை சொல்ல முடியாது. அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே ஒரு கையில் அவன் புத்தகத்தைப் பிடித்திருப்பாள், அவன் பார்க்காமல் ஒப்பிப்பான். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். இந்த வரி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நாள் முழுக்கத் தன் கையைப் பொத்தலாக்குகிற இரண்டு சனியன்களும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தால் வெறும் உப்புத்தண்ணீர் ஆகிவிடுமாம். "திரும்பச் சொல்லுடா" என்பாள். அவன் திரும்பச் சொல்வான்.

வேதியியலில் பட்டம் வாங்கி வந்தவனை முதலாளியிடம் இவளே கூட்டிக்கொண்டு போனாள். சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து பட்டறைக்குள் அவன் "சார்". மற்றவர்கள் முன்னால் மரியாதை கெடக் கூடாது என்று அவளே ஏற்படுத்திய வழக்கம். வீட்டில் "டேய், தட்டைக் கழுவுடா" என்று விட்டு வந்தவள், கேட்டைத் தாண்டியதும் "சார், ஆசிட் காலியாகப்போவுது" என்பாள். கொக்கிக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

தம்பி வருவதற்கு முன்பே முதலாளியிடம் அவள் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசிட் தொட்டிப் பக்கத்தில் ஒரு குழாய். கையில் தெறித்தால் கழுவ வேண்டும், முகத்தில் தெறித்தால் கழுவ வேண்டும். குடிதண்ணீர் டிரம் முன்வாசலில் இருக்கிறது, அதுவரைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. முதலாளி தலையை ஆட்டுவார், செய்ய மாட்டார். குழாய் வைத்தால் ஆளாளுக்குத் திறந்து விடுவார்கள், கழிவுத்தண்ணீர் பெருகும், அதைச் சுத்தம் பண்ணாமல் சாக்கடையில் விட்டால் அதிகாரிகள் வருவார்கள். இது அவருடைய பாட்டு. கண்ணுக்குப் போடுகிற கண்ணாடிகூட இரண்டு ஜோடி இருந்தது. அலுவலக அறையின் அலமாரியில், அதிகாரிகள் வந்தால் அவர்கள் போட்டுக்கொள்வதற்காக.

தம்பி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். தண்ணீரே வேண்டாம். சுவரில் ஒரு பலகை, அதன் கீழே இரண்டு பாட்டில். பச்சை மூடி பாட்டிலில் காஸ்டிக் கரைசல், அதாவது காரம். சிவப்பு மூடி பாட்டிலில் ஆசிட் கலந்த தண்ணீர். ஆசிட் பட்டால் பச்சை, சோடா பட்டால் சிவப்பு. பலகையின் தலைப்பில் அந்தப் பழைய வரி, கொட்டை எழுத்தில்.

"தொட்டியில இருக்கிற ஆசிட்டோட வீரியத்துக்குச் சரியா கணக்குப் போட்டுத்தான் காஸ்டிக் கரைச்சிருக்கேன்" என்று எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினான். "ரெண்டும் சேர்ந்தா மிஞ்சுறது உப்பும் தண்ணியும். ரெண்டும் நாம தினம் சாப்பிடுறதுதானே?"

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குழாயும் வேண்டாம், கழிவும் வேண்டாம், படித்தவனை வேலைக்கு வைத்ததன் அருமையைப் பார்த்தீர்களா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். பொரியக்காவுக்கும் பெருமைதான், மறைப்பானேன். குழாய் கேட்பதை அத்தோடு நிறுத்திவிட்டாள். தூசி படிந்தால் தன் முந்தானையால் பலகையைத் துடைத்து வைப்பாள். அந்தத் துடைப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் கையையே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அது ஒரு சாதாரண முற்பகல். கீல்கள் கோத்த கம்பியை ஆசிட் தொட்டியிலிருந்து தூக்கினாள். கம்பியின் முடிச்சு அவிழ்ந்து, மொத்தமும் தொப்பென்று உள்ளே விழுந்தது. தெறித்தது இடது கண்ணில். மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்தது போல எரிச்சல். அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு முன்வாசல் டிரம்மைப் பார்த்து ஓடினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கால் தானாக ஓடியது. பாதி தூரம் ஓடியிருப்பாள். தம்பி குறுக்கே வந்து பிடித்தான்.

"அக்கா, ஓடாதக்கா! மருந்து கையில இருக்கு!"

பட்டறைக்குள் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தலையைப் பின்னால் சாய்த்து, இமையை இரண்டு விரலால் பிரித்து, பச்சை மூடி பாட்டிலைக் கவிழ்த்தான். கண்ணுக்குள் சோப்பு போல வழுவழுத்தது. பிறகு அந்த வழுவழுப்பு உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. "தண்ணி, தண்ணி!" என்று அவள் அலறினாள், அவன் மார்பில் குத்தினாள். பிடித்த பிடியை அவன் விடவில்லை.

"கொஞ்சம் பொறுக்கா. ரியாக்‌ஷன் முடியட்டும்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சிவப்புத் துண்டுத் தாளைக் கண்ணோரம் ஒற்றி எடுத்தாள். அது நீலமானது. டாக்டரம்மா நிமிர்ந்தாள்.

"ஆசிட்னு சொன்னீங்க? காரம்னுல்ல காட்டுது. கண்ணுல வேற என்ன போட்டீங்க?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய செருப்பின் வார் அவிழ்ந்திருந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணில் அது தெரிந்தது அவளுக்கு.

"பக்கத்துல இருந்தவங்க எதையோ ஊத்திட்டாங்க டாக்டர். காரம்தான் போல. யாருன்னு நான் பார்க்கல" என்றாள்.

மணிக்கணக்கில் கழுவினார்கள். பிரயோஜனமில்லை. கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள், அப்படி என்னதான் ஆனது என்று தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள்.

"ஆசிட் பட்ட இடத்தைக் கெட்டியாக்கிட்டு பெரும்பாலும் அங்கேயே நின்னுடும்மா. காரம் அப்படியில்ல, கரைச்சுக்கிட்டே உள்ள போகும். அதோட, ரெண்டும் சேர்ந்தா சூடு வேற கிளம்பும். எது பட்டாலும் ஓடுற தண்ணியில ஒரு கால் மணி நேரம் விடாம கழுவிட்டு இங்க ஓடி வரணும். அதைச் செஞ்சிருந்தா நீங்க இப்ப ரெண்டு கண்ணாலயும் என்னைப் பார்த்திருப்பீங்க."

அவள் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம். சோறு வடிக்கிற நேரம். தண்ணீரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். அவள் கோபம் வழக்கமாக வந்த வேகத்தில் போய்விடும். இது போகவில்லை, அந்தக் காரம் மாதிரி உள்ளே இறங்கியது.

பட்டறையில் கதை வேறு மாதிரி உருவாகியிருந்தது. சார் முதலுதவி செய்திருக்காவிட்டால் உயிரே போயிருக்கும். அக்காவுக்கு எப்போதும் அவசரம், கண்ணாடி போடுவதில்லை. இதைச் சொன்னவர்களை அவன் ஒரு நாளும் மறுக்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும், பேர் கெட்டுவிடும், பெண் கொடுக்க ஒருத்தரும் வர மாட்டார்கள். வளர்த்தவளுக்கு இதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒரே ஒரு காரியம் செய்தாள். சுவரில் இருந்த பச்சை மூடி பாட்டிலை எடுத்துக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை நிரப்பினாள். மறுநாள் பார்த்தால் அவன் மறுபடி காஸ்டிக் நிரப்பியிருந்தான். அவள் மறுபடி கொட்டினாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தட்டு மட்டும் சத்தமாக வைக்கப்பட்டது.

இப்படியே போயிருக்கும். ஆனால் தொழிற்பேட்டை சங்கத் தலைவர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார். அசந்துபோனார். பேட்டையில் ஆசிட் புழங்குகிற எல்லாப் பட்டறைக்கும் இந்தப் பலகையும் இரண்டு பாட்டிலும் என்று முடிவாகிவிட்டது. துருப்பிடிக்காமல் காலத்துக்கும் நிற்கட்டும் என்று அலுமினியத் தகட்டில் அச்சடிக்கச் சொன்னார். கொடுப்பதற்கு ஒரு விழா, தம்பிக்கு ஒரு பாராட்டு.

விழா அன்றைக்குக் காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள்.

"அந்தப் பலகையை நிறுத்துடா."

"எப்படிக்கா நிறுத்துறது? அச்சாகி வந்தாச்சு."

"இன்னும் எத்தனை பேரு கண்ணுக்குடா ஊத்தணும் உனக்கு?"

"சமன்பாட்டுல தப்பில்லக்கா" என்றான். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்தான். "அன்னைக்கு அளவுதான் கொஞ்சம் கூடிடுச்சு. இப்ப குறைச்சிட்டேன்."

"டாக்டரம்மா சொன்னாங்களேடா, தண்ணின்னு! நீயும்தானே கேட்டே!"

"இப்பப் போய் தப்புன்னு சொன்னா, அப்ப ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. வேலை போயிடும். நீ எனக்காக எவ்வளவோ செஞ்சிருக்கே. இதையும்..."

சட்டை கருகும் வாசனை வந்தது. இதையும் என்றால் எதை? ஊரில் இருக்கிற கண்ணையெல்லாமா? ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். அவள் பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்று கொக்கியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பட்டறை முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேஜை மேல் அலுமினியப் பலகைகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. தலைவர் பேசினார். கவனக்குறைவால் கண்ணை இழந்த ஒரு சகோதரி நம் நடுவில் இருக்கிறார், அவர் நமக்கு ஒரு பாடம் என்றார். பாடத்தை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி பேசினார், தன்னைப் பற்றி. பிறகு தம்பி எழுந்தான்.

"நான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்னா அதுக்கு எங்க அக்காதான் காரணம்" என்றான். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அதுதான் கொடுமை. "இரும்பு மேல ஏன் துத்தநாகம் பூசுறோம்? காத்தும் ஈரமும் இரும்பைத் தின்ன வரும்போது துத்தநாகம் முன்னால போய் தன்னைக் கொடுத்துடும். அது கரையும், இரும்பு பிழைக்கும். எங்க அக்கா துத்தநாகம். நான் இரும்பு."

கை தட்டினார்கள். கொக்கிகூடத் தட்டினார். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"துத்தநாகத்தைக் கேட்டுட்டா பூசுறாங்க?"

"அக்கா..."

"நாந்தான் தினமும் பூசுறேன். ஒரு நாளும் அதைக் கேட்டதில்ல. என்னையும் நீ கேக்கல. தண்ணி தண்ணின்னு கத்தினேனே, அது உன் காதுல விழுந்துச்சா?"

முதலாளி, "யாராவது அந்தம்மாவை உள்ள கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. அவள் நேராக மேஜைக்குப் போய், மேலிருந்த ஒரு பலகையை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"பச்சை மூடியில என்ன இருக்கு? சொல்லுங்க சார்."

அந்த "சார்" அவனை அறைந்தது. "காஸ்டிக்" என்றான் மெதுவாக.

"மருந்து. ஆசிட் பட்ட கண்ணுக்கு ஊத்துற மருந்து. அப்படித்தானே எழுதியிருக்கு? அது கடையில வாங்கின மருந்தில்லங்க, எங்க சோடா தொட்டியில கொதிக்குதே, அதே சரக்குதான். தண்ணி கலந்திருக்கு, கொதிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாரும் எழுந்து வாங்க. கொக்கி அண்ணே, அடுப்பை அணைச்சிட்டு ஜன்னலைத் திறந்து விடுங்க. சிகரெட் பிடிக்கிறவங்க தூரப் போட்டுட்டு வாங்க."

கொக்கிக்குப் புரிந்துவிட்டது. அலுமினியக் கைப்பிடிகள் பொங்கி வழிந்த அன்றைக்கு அவரும் ஓடியவர். மறு பேச்சில்லாமல் அடுப்பை அணைத்தார். அவள் நீளக் கையுறையைப் போட்டாள், அலுவலக அலமாரியைத் திறந்து அதிகாரிகளின் கண்ணாடியை எடுத்து மாட்டினாள், பலகையை இடுக்கியில் கவ்விச் சோடா தொட்டிக்குள் இறக்கினாள். கூட்டம் வாசல்பக்கம் நின்று எட்டிப் பார்த்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். பிறகு ஓரங்களில் குமிழி கட்டியது. எழுத்துகள் சுருண்டு உரிந்து மேலே மிதந்தன, அமிலம் ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம். அப்புறம் தகடே பொரியத் தொடங்கியது. வெள்ளை நுரை புஸ்ஸென்று பொங்கி விளிம்புக்கு வந்தது, அறை முழுக்க ஆவி. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்கள் காலை மிதித்தார்கள். நுரை தணியும்வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு இடுக்கியைத் தூக்கினாள். காலத்துக்கும் நிற்க வேண்டிய பலகை பூச்சி அரித்த துணி போலத் தொங்கியது. ஓட்டைகள் வழியாக எதிரில் நின்ற தம்பியின் முகம் தெரிந்தது.

"ஆசிட் தெறிச்சது நிஜம். எரிஞ்சது நிஜம்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. "தண்ணிக்குத்தான் ஓடினேன். பிடிச்சு நிறுத்தி இதை ஊத்தினாங்க. என் கண்ணைத் தின்னது ஆசிட் இல்ல. கணக்குப் போட்டுக் கரைச்ச இந்த மருந்து. இதை எல்லாப் பட்டறையிலயும் மாட்டப் போறீங்க."

"ஊத்தினது யாரும்மா?" என்றார் தலைவர்.

அவள் தம்பியைப் பார்த்தாள். இந்த ஒன்றையாவது அவன் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. தம்பி தொங்குகிற பலகையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்.

"நான்தான்" என்றான். "ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்பவும் நான் வாயைத் திறக்கல."

பலகைகள் திரும்பிப் போயின. வேதனை என்னவென்றால், அவன் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. வேலை போகவில்லை, ஒரு கண்டிப்போடு முடிந்தது. அது போதாதென்று அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும், வளர்ப்பு அப்படி என்றார்கள். வளர்த்தவள் தொட்டி முன்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் போனது அவளுக்கு, பேர் வந்தது அவனுக்கு. இல்லாத ஒரு ஆபத்துக்குப் பயந்து இத்தனை நாளும் வாயை மூடிக் கிடந்தோமே என்று நினைக்க நினைக்க அவளுக்கு எரிந்தது. வீட்டில் அவனோடு பேசுவதை அடியோடு நிறுத்தினாள். அவன் தட்டைத் தானே கழுவி வைத்தான், அவள் தட்டையும் சேர்த்து. அதற்கும் அவள் கோபப்பட்டாள்.

குழாய் வந்தது. ஆசிட் தொட்டியிலிருந்து நாலு எட்டு வைத்தால் எட்டுகிற தூரத்தில், இடுப்பு உயரத்தில், கீழே ஒரு பெரிய தொட்டியோடு. முதலாளி தன் யோசனை போலவே அதை எல்லாருக்கும் காட்டினார்.

"யாராவது ஒருத்தர் செஞ்சு காட்டுங்கப்பா, மத்தவங்க பார்த்துக்கட்டும்" என்றார்.

யாரும் முன்னால் வரவில்லை. பொரியக்கா கையுறையைக் கழற்றினாள். தம்பியைப் பார்த்தாள்.

"நீ வா."

அவன் வந்தான்.

"குனிடா."

பட்டறைக்குள் அவள் அவனை டா போட்டது அதுதான் முதல் தடவை. கொக்கி சிரித்துவிட்டார், மற்றவர்களும் சிரித்தார்கள். தம்பியும் அசட்டுச் சிரிப்போடு குனிந்தான். அவள் குழாயை மெதுவாகத் திறந்தாள். பிடரியில் கை வைத்து அழுத்தி, அவன் இடது கண்ணை இரண்டு விரலால் பிரித்துத் தண்ணீருக்குக் காட்டினாள். சின்ன வயதில் தலை முழுக விடும்போது இதே பிடரியை இப்படித்தான் பிடிப்பாள், அப்போதும் திமிறுவான்.

தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில், சரி புரிந்தது என்று ஓரிருவர் வேலைக்குத் திரும்பினார்கள். சட்டை நனைந்து அவனுக்கு உடம்பு நடுங்கியது.

"போதுங்க்கா."

"இரு."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் வீணாவதாகச் சொல்ல வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. இறங்கும் என்று அவள் நினைத்ததும் இல்லை. ஆனால் அவன் இமையைப் பிடித்திருந்த விரல்கள் நகம் படாதபடி மிகக் கவனமாக இருந்தன. அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. குழாய்த்தண்ணீரில் எது அழுகை என்று யாருக்கும் தெரியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரங்க்கா?"

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. தண்ணீர் அவன் கன்னத்தில் வழிந்து தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"அன்னைக்கு நான் கேட்டது இவ்வளவு நேரம்தான்டா" என்றாள்.